கிளிட்டர் கியூட்டெக்ஸும் ஜெல் ரிமூவரும்: வீட்டுச் சோதனைக்குப் பின் வந்த கேள்விகள்

சென்ற ஆனி மாதம் என் மருமகளின் சாமத்திய வீட்டுக்கு அவளுடைய பத்து விரல்களுக்கும் கரும்பச்சை நிறக் கிளிட்டர் கியூட்டெக்ஸ் பூசியவள் நான்தான். ஞாயிற்றுக்கிழமை இரவு, மறுநாள் பாடசாலை என்ற நினைவு வந்தபோது, சாதாரண ரிமூவரைப் பஞ்சில் நனைத்துத் தேய்க்கத் தொடங்கினோம். அரைமணி நேரம் கழிந்தும், விரல்நுனித் தோல் வெளுத்துப்போனதே தவிர, நகங்களில் பச்சைப் புள்ளிகள் தீவு தீவாக நின்றன. "மாமி, இது போகுதில்லை" என்று பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள். அதன்பிறகு, ஜெல் வடிவில் விற்கப்படும் ரிமூவர்களை வாங்கி, மட்டக்களப்புக் கல்லடியிலுள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் என் கைகளிலேயே சோதித்துப் பார்த்தேன். அதைக் கேள்விப்பட்ட உறவினரும் அயலவரும் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் கொடுத்த பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

சாதாரண கியூட்டெக்ஸ் உடனே போய்விடுகிறது. கிளிட்டர் மட்டும் ஏன் இப்படிப் பிடிவாதம் செய்கிறது?

கியூட்டெக்ஸ் என்பது ஒரு கம்பனியின் பெயர். நம் ஊரில் நகப்பூச்சு எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது. எந்தக் கம்பனியின் பூச்சானாலும் பெரும்பாலும் அதன் அடிப்படை ஒன்றுதான்: நைத்திரோசெலுலோசு என்ற பொருள், எதைல் அசற்றேற்று, பியூட்டைல் அசற்றேற்று போன்ற கரைப்பான்களில் கரைந்திருக்கும். பூசியதும் கரைப்பான் ஆவியாகிப் போக, நைத்திரோசெலுலோசு மெல்லிய படலமாக நகத்தில் தங்கிவிடும். ரிமூவர் செய்வதெல்லாம் அந்தப் படலத்தை மீண்டும் கரைப்பதுதான்.

கிளிட்டர் துகள்களோ பெரும்பாலும் அலுமினியப் பூச்சுக் கொடுத்து நறுக்கிய பொலியெஸ்டர் தாளின் துண்டுகள். ரிமூவர்களில் பெரும்பாலும் இருக்கும் அசற்றோன் என்ற கரைப்பான் அவற்றைக் கரைப்பதில்லை. ஓடுகளுக்கு இடையில் சாந்து இருப்பதைப்போல, துகள்களுக்கு இடையிலும் அவற்றின் அடியிலும் படலம் இருக்கிறது. கரைப்பான் ஓடுகளைச் சுற்றிக்கொண்டு உள்ளே இறங்கி, அடியிலுள்ள சாந்தை இளக்கினால்தான் ஓடு கழலும். பஞ்சால் தேய்க்கும்போது மேலே இருக்கும் படலம் கரைகிறது, ஆனால் கரைப்பான் அடிவரை இறங்குவதற்குள் உலர்ந்துவிடுகிறது. போதாததற்கு, துகள்களின் கூரிய விளிம்புகளில் பஞ்சு நூல் நூலாகச் சிக்கிக்கொள்கிறது.

கடையில் "ஜெல் ரிமூவர்" என்று கேட்டால் போதுமா?

போதாது. அந்தப் பெயரில் குறைந்தது மூன்று வெவ்வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன, கடையில் நிற்பவருக்கும் எப்போதும் வேறுபாடு தெரிவதில்லை. முதலாவது, அசற்றோனைக் கெட்டியாக்கும் பொருள் சேர்த்துக் களிபோல ஆக்கிய ரிமூவர். இரண்டாவது, அதே களிவடிவில், ஆனால் அசற்றோனுக்குப் பதிலாக எதைல் அசற்றேற்று போன்றவற்றைக் கொண்டது. மூன்றாவது, புற ஊதா விளக்கில் இறுக வைக்கும் "ஜெல் பொலிஷ்" என்ற பூச்சை உப்ப வைத்து உரிப்பதற்கானது. இங்கே ஜெல் என்பது அகற்றப்படும் பூச்சைக் குறிக்கிறதே தவிர ரிமூவரின் வடிவத்தை அன்று. விளக்கில் வைத்து இறுக்காத சாதாரண கிளிட்டர் கியூட்டெக்ஸுக்கு முதல் இரண்டுமே போதும்.

நான் வாங்கிய மூன்றாம் வகை டியூப் ஒன்றில் உள்ளடங்கிய பொருட்களின் பெயர் எதுவும் அச்சிடப்பட்டிருக்கவில்லை. அதை ஒரு நகத்தில் தடவியபோது பூச்சு கரையாமல் பிசின்போல இழுபட்டது, நகக்கண்ணும் எரிந்தது. உடனே கழுவிவிட்டு அந்த டியூபை எறிந்துவிட்டேன். பொருட்பட்டியல் இல்லாத எதையும் நகத்தில் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பட்டியலில் அசற்றோநைத்திரைல் என்ற பெயரைக் கண்டால் கட்டாயமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெயர் அசற்றோனைப் போல் ஒலித்தாலும் அது வேறு பொருள்; உடலுக்குள் போனால் சயனைட்டாக மாறக்கூடியது.

சோதனையை எப்படிச் செய்தீர்கள்?

இரண்டு கைகளிலும் ஒரே போத்தல் கிளிட்டரை இரண்டு தடவை பூசி, மேலே நிறமற்ற பூச்சு ஒரு தடவை கொடுத்து, மூன்று நாட்கள் வழக்கமான வீட்டுவேலைகளோடு விட்டுவிட்டேன். சட்டி கழுவுவதும் தேங்காய் துருவுவதும் அதில் அடக்கம். பூசிய அன்றே அகற்றிப் பார்த்தால் எந்த ரிமூவரும் நன்றாக வேலை செய்வதுபோலத்தான் தோன்றும். படலத்திலுள்ள கரைப்பான் முழுவதும் வெளியேறி அது இறுகிய பிறகு செய்யும் சோதனைக்கே மதிப்புண்டு.

இடது கையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு முறை என்று வகுத்தேன். பெருவிரலுக்குத் திரவ அசற்றோனைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தல், சுட்டுவிரலுக்கு அசற்றோன் ஜெல்லைத் தடவித் திறந்தபடி விடுதல், நடுவிரலுக்கு அதே ஜெல்லைத் தடவி மேலே சிறு பஞ்சுத்துண்டு வைத்து அலுமினியத் தாளால் மூடுதல், மோதிர விரலுக்கு அசற்றோன் அற்ற ஜெல்லை அதேபோல மூடுதல், சின்னவிரலுக்குத் திரவ அசற்றோனில் நனைத்த பஞ்சை வைத்து மூடுதல். சின்னவிரல் நகமும் பெருவிரல் நகமும் ஒரே அளவல்ல என்பதால், வலது கையில் வரிசையைத் தலைகீழாக மாற்றினேன். வலது கைக்கு வைத்து மூடியது என் மச்சாள். ஒரு கிழமை கழித்து முழுவதையும் இன்னொரு முறை செய்தோம். நேரத்தைச் சுவர்க்கடிகாரத்தில் பார்த்தோம். கைபேசியைத் தொடவில்லை, காரணம் கீழே வருகிறது.

என்ன முடிவு கிடைத்தது?

தேய்த்த விரலில் ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் நகத்தின் ஓரங்களில் துகள்கள் எஞ்சின. திறந்து விட்ட ஜெல், மூன்றாவது நிமிடத்திலேயே பாலில் ஆடை படிவதுபோல மேலே தோல் கட்டிக்கொண்டது. துடைத்தபோது பாதிப் பூச்சுத்தான் வந்தது.

நடுவிரலில்தான் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. ஏழாவது நிமிடம் தாளைக் கழற்றாமல், நகத்தின் அடியிலிருந்து நுனியை நோக்கி ஒரே அழுத்தமாக இழுத்தேன். பஞ்சின் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், பச்சைத் துகள்கள் மீன் செதிலைப்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, நகத்தின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு வந்திருந்தன. நகத்தில் எஞ்சியது பக்க மடிப்பிலிருந்த இரண்டொரு புள்ளிகள் மட்டுமே. அசற்றோன் அற்ற ஜெல்லை மூடிய விரலுக்குப் பன்னிரண்டு நிமிடம் கொடுத்தும் முழுதாக வரவில்லை. இன்னொரு முறை தடவி ஐந்து நிமிடம் வைத்த பின்னரே வந்தது.

ஜெல்லை வாங்கச் செலவழித்தவள் என்ற முறையில் எனக்கு உவப்பில்லாத முடிவு ஒன்றையும் சொல்ல வேண்டும். சாதாரண திரவ அசற்றோனை வைத்து மூடிய சின்னவிரலும் ஏறக்குறைய அதே ஏழு நிமிடத்தில் சுத்தமாகிவிட்டது. ஆகவே வேலையைச் செய்தது ஜெல்லைவிட மூடிதான். கரைப்பான் எவ்வளவு நேரம் நகத்தின்மேல் ஈரமாக நிற்கிறது என்பதே முக்கியம். அசற்றோன் 56 பாகை செல்சியஸில் கொதிப்பது. நம் வெயிலில் கையில் வைத்ததும் பறந்துவிடும். ஜெல் அந்த ஓட்டத்தைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது, மூடி அதை நிறுத்திவிடுகிறது.

அப்படியானால் ஜெல் வாங்குவது வீண்செலவா?

முழு வீண் என்று சொல்லமாட்டேன். திரவம் வழிந்து விரலின் அடிவரை போய்த் தோலை வெளுக்கச் செய்தது. ஜெல் வைத்த இடத்திலேயே நின்றது. கைத்தோல் இயல்பாகவே வெடிக்கும் தன்மை உள்ளவர்களுக்கும், கால்விரல் நகங்களுக்கும், ஒரு விரலின் பூச்சை மட்டும் அகற்றிப் பக்கத்து விரலைக் கெடுக்காமல் காக்க விரும்புகிறவர்களுக்கும் ஜெல் உதவும். மற்றவர்கள் பாமசியில் கிடைக்கும் சிறிய திரவப் போத்தலையும் சமையலறையிலுள்ள அலுமினியத் தாளையும் கொண்டே காரியத்தை முடித்துவிடலாம்.

அலுமினியத் தாள் இல்லாவிட்டால் எதனால் மூடுவது?

சொப்பிங் பையிலிருந்து வெட்டிய துண்டு போதும், ஏனெனில் பொலித்தீனை அசற்றோன் கரைப்பதில்லை. அச்சு எழுத்துள்ள பகுதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த மை கரைந்து விரலில் ஏறும். எனக்கு ஒருமுறை கடையின் பெயர் பாதி மோதிர விரலில் வந்துவிட்டது. துண்டின் மேல் ஒரு ரப்பர் வளையத்தை இறுக்காமல் மாட்டினால் நிற்கும்.

கச்சான் காலத்தில் மட்டும் ஜெல் வேலை செய்யவில்லையே, ஏன்?

வைகாசியிலிருந்து ஆவணி வரை மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீசும் கச்சான்காற்று, கொடியில் போட்ட துணியை எவ்வளவு விரைவாக உலர்த்துகிறது என்பது நமக்குத் தெரியும். விறாந்தையில் காற்றுக்கு நேராக உட்கார்ந்தால் ஜெல்லுக்கும் அதே கதிதான். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாலும் அப்படியே. அதற்காக அறையைப் பூட்டிக்கொண்டும் செய்யாதீர்கள், ஆவி தலையிடியையும் கண்ணெரிச்சலையும் தரும். சன்னல்கள் திறந்திருக்க, காற்று நேரடியாகக் கையில் படாத மூலையில் உட்கார்ந்து, தடவியவுடன் மூடிவிடுவதே நல்லது.

வேகமாக வேலை செய்ய ரிமூவரைச் சூடாக்கலாமா?

ரிமூவரை எக்காரணம் கொண்டும் சூடாக்கக் கூடாது. மூடிக் கட்டிய விரல்களின் மேல், இளஞ்சூட்டு நீரில் பிழிந்த துவாயைப் போர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவே இரண்டொரு நிமிடத்தை மிச்சப்படுத்தும்.

நெருப்பைப் பற்றி இவ்வளவு பயப்பட வேண்டுமா?

வேண்டும். அசற்றோனின் ஆவி, உறைநிலைக்குக் கீழான வெப்பநிலையிலேயே தீப்பற்றக்கூடிய அளவுக்கு எழுகிறது. அது காற்றைவிடப் பாரமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல் மேசையிலிருந்து வழிந்து தரையோடு பரவும். நம் வீடுகளில் நகத்தைக் கவனிக்க நேரம் கிடைப்பது பெரும்பாலும் பொழுதுபட்ட பிறகு. அதே நேரத்தில்தான் காலடியில் நுளம்புச்சுருள் கொளுத்தப்படுகிறது, சாமியறையில் விளக்கேற்றப்படுகிறது, மின்சாரம் போனால் மெழுகுதிரி மேசைக்கே வந்துவிடுகிறது. நுளம்புச்சுருளை ஏற்ற உரசும் தீக்குச்சி ஒன்றே போதும். எங்கள் வீட்டில் இப்போது இந்த வேலையைப் பகலில் மட்டுமே செய்கிறோம், நனைந்த பஞ்சை உடனே வெளியே கொண்டுபோய் உலரவிடுகிறோம், கையை அலம்பும்வரை அடுப்பங்கரைப் பக்கம் போவதில்லை.

"அசற்றோன் அற்றது" என்று எழுதியிருந்தால் இந்த ஆபத்து இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். எதைல் அசற்றேற்றும் எளிதில் தீப்பற்றும் திரவமே.

அசற்றோன் அற்றதுதான் நகத்துக்கு நல்லது என்கிறார்களே?

ஒருவகையில் உண்மைதான். அசற்றோன் நகத்திலும் தோலிலும் உள்ள எண்ணெய்ப்பசையை விரைவாக எடுத்துவிடுகிறது, அதனால்தான் விரல் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிறது. மற்றது சற்று மெதுவாக உலர்த்துகிறது. ஆனால் கிளிட்டருக்கு அது இரண்டு மடங்குக்கு மேல் நேரம் எடுப்பதாலும், பொறுமையிழந்து சுரண்டத் தூண்டுவதாலும், மொத்தத்தில் நகத்துக்கு நேரும் சேதம் குறைவதாக எனக்குத் தோன்றவில்லை. ஒற்றை நிறப் பூச்சுக்கு அசற்றோன் அற்றதைப் பாவியுங்கள். கிளிட்டருக்கு அசற்றோனை மூடி வைத்து ஒரே தடவையில் முடித்துவிடுங்கள். முன்னதாக நகத்தைச் சுற்றியுள்ள தோலில், நகத்தின்மேல் படாமல், தேங்காயெண்ணெய் தடவுவது நல்ல வழக்கம். நகத்தில் எண்ணெய் பட்டால் கரைப்பான் இறங்கத் தாமதமாகும்.

எஞ்சிய இரண்டு மூன்று புள்ளிகளை நகத்தாலேயே சுரண்டிவிட்டால் என்ன?

விரல் நகத்தின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். அது கெரற்றின் என்ற புரதத்தின் தகடுகள் அடுக்கடுக்காக ஒட்டி உண்டானது. துகளைச் சுரண்டும்போது மேல்தகடும் சேர்ந்து உரிகிறது. பூச்சு போன பிறகு தெரியும் வெள்ளைத் திட்டுகளில் பல அப்படி வந்தவை. விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்தான் வளர்வதால், அடியில் விழுந்த வடு நுனிக்கு வந்து வெட்டுப்பட ஆறு மாதம் எடுக்கும். புள்ளிகள் எஞ்சினால் இன்னும் இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். பக்க மடிப்பில் ஒளிந்திருப்பவற்றுக்கு, ஈர்க்குநுனியில் சிறிது பஞ்சைச் சுற்றி ரிமூவரில் தொட்டு எடுக்கலாம்.

பற்பசை, தேசிக்காய், பெயின்ற் தின்னர்?

பற்பசையும் தேசிக்காயும் நைத்திரோசெலுலோசைக் கரைப்பதில்லை. தேய்ப்பதால் வரும் சிறு பலனே அவற்றின் பலன். தின்னரைத் தொடவே வேண்டாம், அதில் தொலுயீனும் மெதனோலும் இருக்கக்கூடும், மெதனோல் தோல்வழியாகவும் உடலில் சேரும். அவசரத்துக்கு வீட்டில் ரிமூவரே இல்லையென்றால், நிறமற்ற கியூட்டெக்ஸைப் பழைய பூச்சின்மேல் தடிப்பாகப் பூசி, உலர முன்னரே துடைத்தெடுக்கலாம். அதிலுள்ள கரைப்பான் அடியிலுள்ளதையும் இளக்கும். கிளிட்டருக்கு நான்கைந்து தடவை செய்ய வேண்டியிருக்கும்.

மேசை, பாத்திரம், கைபேசி ஆகியவற்றுக்குச் சேதம் வருமா?

வார்னிஷ் மேசையில் ஒரு துளி விழுந்தாலே வட்டமாக வெளுத்துவிடும், ஆகவே அடியில் பழைய பத்திரிகையை மடித்துப் போடுங்கள். ரிமூவரை ஊற்றக் கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் ஆகியவையே ஏற்றவை. ரெஜிபோம் (பொலிஸ்ரைரீன் நுரை) பெட்டி கண்முன்னே குழிந்து உருகும். யோகட் கோப்பைகளும் பெரும்பாலும் அதே இனத்துப் பிளாஸ்டிக் என்பதால் இளகிவிடும். கைபேசியின் பிளாஸ்டிக் உறையும் மூக்குக்கண்ணாடிச் சட்டமும் மங்கிப்போகும், அதனால்தான் சோதனையின்போது அவற்றைத் தூரத்தில் வைத்தேன்.

கையிலிட்ட மருதோன்றியும் சேர்ந்து போய்விடுமா?

போகாது. மருதோன்றியின் சாயம் நகத்திலும் தோலிலும் உள்ள கெரற்றினோடு இணைந்துவிடுகிறது. கியூட்டெக்ஸைப்போல மேலே கிடக்கும் படலமன்று. கல்யாண வீட்டுக்காக இரண்டையும் இட்டிருப்பவர்கள் கிளிட்டரை மட்டும் தனியே எடுக்கலாம்.

வுழூச் செய்வதற்கு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதற்கு) முன் முழுவதும் அகற்ற வேண்டும் என்பதால் கேட்கிறேன், ஒரு சில துகள்கள் எஞ்சினால்?

காத்தான்குடியிலிருந்து என்னிடம் வரும் சகோதரி ஒருவர் கேட்டது இது. மார்க்கத் தீர்ப்பை மௌலவியிடமே கேட்க வேண்டும். பூச்சின் தன்மையைப் பற்றி மட்டும் நான் சொல்ல முடியும். துகள் ஒன்று நகத்தில் நிற்கிறதென்றால், அதை ஒட்ட வைத்திருக்கும் படலமும் அடியில் நிற்கிறது, அந்த இடத்தில் நீர் நகத்தைத் தொடாது. விரலைப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மினுங்கும் இடம் தெரிந்துவிடும். அவர் இப்போது தொழுகை இல்லாத நாட்களில் மட்டும், கீழே வரும் வெள்ளைப் பசை முறையில் பூசிக்கொள்கிறார்.

நாளை ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை. கிளிட்டரை எடுக்கத்தான் வேண்டுமா?

எடுத்துவிட்டே போங்கள். இரத்தத்திலுள்ள ஒட்சிசனை அளக்க விரலில் மாட்டும் கருவி நகத்தினூடாக ஒளியைச் செலுத்துவது. அடர்நிறமும் கிளிட்டரும் அந்த ஒளியைக் குழப்பலாம். நகத்தின் நிறம் நீலமாக மாறுகிறதா என்று தாதியர் பார்ப்பதும் உண்டு.

சிறுபிள்ளைகளுக்கு இதைச் செய்யலாமா?

பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருந்து, ஒவ்வொரு விரலாகச் செய்யலாம். விரல் சூப்பும் வயதுப் பிள்ளைகளுக்குப் பூச்சே வேண்டாம். ஜெல் ரிமூவர்கள் சிலவற்றுக்குப் பழ வாசனையும் நிறமும் சேர்த்திருப்பதால் தின்பண்டம் என்று நினைத்துவிடக்கூடும்; டியூபை எட்டாத உயரத்தில் வையுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

துடைத்த பஞ்சையும் மிச்ச ரிமூவரையும் எங்கே போடுவது?

கிணற்றடியில் கையைக் கழுவி அப்படியே விட்டுவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மட்டக்களப்புக் கரையோரம் மணற்பூமி. மேலே ஊற்றியது நிலத்தடி நீருக்கு இறங்க அதிக நேரம் எடுக்காது, குடிநீர்க் கிணறும் சில அடி தூரத்திலேயே இருக்கும். துகள்களோ பிளாஸ்டிக், மக்கிப்போகாதவை. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் கட்டுப்பாட்டில் நகப்பூச்சுகளுக்குக்கூட 2035 வரைதான் தவணை கொடுத்திருக்கிறது. பஞ்சை வெளியில் உலர்த்தி, பின்பு காகிதத்தில் மடித்துக் குப்பையில் சேருங்கள். கழுவுவதற்கு முன் விரல்களை ஒரு டிசுவால் துடைத்துவிட்டால் துகள் நீரோடு போகாது. அந்தப் பஞ்சை எரிக்க நினைக்க வேண்டாம்.

இந்தத் தொல்லையே வராமல் பூச வழி இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் மலிவானது. பாடசாலைக் கைவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசையை நகத்தில் மெல்லியதாகப் பூசி, அது கண்ணாடிபோலத் தெளியும்வரை காயவிட்டு, அதன்மேல் கிளிட்டரைப் பூசுங்கள். அகற்றும்போது கையை இளஞ்சூட்டு நீரில் சிறிது நேரம் வைத்து, ஓரத்தை ஈர்க்கால் நெம்பினால் முழுப் பூச்சும் தோலாக உரிந்து வரும், ரிமூவரே தேவையில்லை. குறை என்னவென்றால், சட்டி கழுவும் கைகளில் ஒரு நாள் நின்றாலே பெரிது. ஒரு நாள் விழாவுக்கு அது போதுமென்பதால், சாமத்திய வீட்டுக்கும் பாடசாலை நிகழ்ச்சிகளுக்கும் நான் இப்போது இப்படித்தான் பூசுகிறேன்.

ஒரு டியூப் ஜெல் எத்தனை முறைக்கு வரும்?

நான் வாங்கிய சிறிய டியூபில் பத்து விரல்களுக்கு நான்கு தடவை வந்தது. ஐந்தாவது தடவைக்குள், மூடியை மச்சாள் சரியாகத் திருகாமல் விட்டதால், எஞ்சியது டியூபுக்குள்ளேயே இறுகி ரப்பர்போல ஆகிவிட்டது.